குலம் கேட்கும் களம்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. பெயரில் கால் இருந்தாலும் ஆட்டம் பெரும்பாலும் கையால் ஆடப்படுகிறது. பந்தும் உருண்டையாக இல்லை. ஒரு மணி நேர ஆட்டம் என்பார்கள்; மூன்றரை மணி நேரம் நடக்கும். நம்மவர்களில் பலர் இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் இந்த ஆட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆகவே அடிப்படையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு கெஜ நீளக் களம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் டச்டவுன், ஆறு புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஒரு புள்ளி. உதைக்காமல் மறுபடியும் கோட்டைக் கடந்துகாட்டினால் இரண்டு. இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

நான் எழுத நினைப்பது தொழில்முறை ஆட்டத்தைப் பற்றி அல்ல; கல்லூரிக் கால்பந்தைப் பற்றி. அதிலும் பெரிய பல்கலைக்கழகங்களின் நிழலில் ஆடும் சிறிய அணிகளையும், பருவம் முடிந்தபின் டிசம்பரிலும் ஜனவரியின் தொடக்கத்திலும் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களையும் பற்றி.

2000களின் தொடக்கத்தில் வேலை நிமித்தம் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகருக்கு வந்தேன். அப்போது நகரின் மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். சுற்றிலும் சேஜ் புதர் மண்டிய வறண்ட குன்றுகள். நடுவே ஓர் ஆறு. அதன் கரையில் பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழகம். அதன் விளையாட்டரங்கில் புல்தரை நீல நிறத்தில் இருக்கும். 1986இல் செயற்கைப் புல்லை மாற்றும்போது, இவ்வளவு செலவு செய்து மறுபடியும் பச்சையையே ஏன் போட வேண்டும் என்று நீலத்தைப் போட்டுவிட்டார்கள். 1932இல் எபிஸ்கோபல் திருச்சபை தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி அது. கால்பந்தில் உயர்மட்டப் பிரிவுக்கு வந்ததே 1996இல்தான். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நான் வந்தபோது இங்கே முப்பதாயிரம் பேர்.

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் குடியிருந்தார். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். விதிகளை அவர் ஒரு வாரத்தில் சொல்லி முடித்துவிட்டார். விதிகளுக்கு வெளியே இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

உலகின் பெரும்பாலான விளையாட்டுகளில் வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இறுதியில் எஞ்சுபவர் பட்டம் பெறுவார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயர்மட்டத்தில் நூறாண்டுக்கு மேலாக அப்படி ஒரு முறையே இல்லை. 1902இல் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில், ரோஜாத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க ஓர் ஆட்டத்தை நடத்தினார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டது. பின்னாளில் அங்கே கிண்ண வடிவில் எழுந்த அரங்கின் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது: ரோஸ் பவுல். குளிர் குறைந்த பிற ஊர்களும் இதைப் பார்த்துத் தமக்கென ஒவ்வொரு பவுலைத் தொடங்கின. ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று அந்தந்த ஊரின் விளைபொருளே பெயராயிற்று. குளிர்காலத்தில் விடுதிகளை நிரப்புவதே நோக்கம். யாரை அழைப்பது என்பது அழைப்பவர் விருப்பம். தேசிய வாகையர் யார் என்பதைப் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துச் சொல்வார்கள். களத்தில் ஆடுவது மாணவர்கள். தீர்ப்பு ஓர் அறைக்குள்.

இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது மகாபாரதத்தின் அரங்கேற்றக் காட்சி. அர்ச்சுனன் காட்டிய வித்தைகளையெல்லாம் கர்ணனும் காட்டுகிறான். நேருக்கு நேர் பொருத வா என்கிறான். அப்போது கிருபர் எழுந்து, உன் குலம் என்ன, உன்னைப் பெற்றவர் யார் என்று கேட்கிறார். கர்ணன் அங்கே தோற்கவில்லை. தோற்கும் வாய்ப்புக்கூட அவனுக்குத் தரப்படவில்லை. சிறிய கல்லூரி அணிகளின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்வியின் முன் தலைகுனிந்து நின்ற வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குலத்துக்கு இங்கே ‘கான்ஃபரன்ஸ்’ என்று பெயர். எட்டு, பத்து, பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தமக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டமைப்பு. தொலைக்காட்சிப் பணமும் பவுல் பணமும் அதன் வழியாகவே வரும். பெரிய கான்ஃபரன்ஸில் பிறந்த அணிக்கு எல்லாம் உண்டு. மற்றவர்கள் தாங்களாகவே வழி தேடிக்கொள்ள வேண்டும்.

சில சமயம் தேடிக்கொண்டார்கள். 1984இல் யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் எல்லா ஆட்டங்களையும் வென்றது. அந்த டிசம்பரில் சான் டியேகோவின் ஹாலிடே பவுலில் மிச்சிகனை 24–17 என்று தோற்கடித்து, வாக்கெடுப்பில் தேசிய வாகையர் ஆனது. அந்த ஆண்டு மிச்சிகன் சாதாரண அணிதான். அந்தப் பட்டத்தைப் பற்றி இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு. அதற்குப்பின் சிறிய கான்ஃபரன்ஸிலிருந்து ஓர் அணிக்கும் அந்த வாக்குகள் கிடைக்கவில்லை. 1998இல் பெரிய கான்ஃபரன்ஸ்கள் ஆறும் சேர்ந்து பி.சி.எஸ். என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டன. வாக்கெடுப்பையும் கணினித் தரவரிசையையும் கூட்டிக் கழித்து முதல் இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆறு கான்ஃபரன்ஸ்களின் வாகையருக்கும் பெரிய பவுல்களில் இடம் உறுதி. மற்றவர்களுக்கு ஒரு சிறு சன்னல். 2004இல் யூட்டா பல்கலைக்கழகம் முதன்முதலாக அந்தச் சன்னல் வழியே நுழைந்து, ஃபியஸ்டா பவுலில் பிட்ஸ்பர்கை 35–7 என்று வென்றது.

அடுத்து நுழைந்தது எங்கள் ஊர்.

2007 ஜனவரி 1. அரிசோனாவின் கிளெண்டேல் நகரில் ஃபியஸ்டா பவுல். எதிரணி ஓக்லஹோமா, ஏழு தேசியப் பட்டங்கள் பெற்ற அணி. ஆசிரியர் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் கால்பகுதியில் பாய்ஸி 28–10 என்று முன்னிலையில் இருந்தது. பிறகு ஓக்லஹோமா மெல்ல மெல்ல ஏறிவந்து, ஒன்றரை நிமிடம் எஞ்சியிருக்கையில் 28–28 என்று சமன் செய்தது. அடுத்த நொடிகளில் எங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் ஸப்ரான்ஸ்கி எறிந்த பந்தை எதிரணி வீரர் இடைமறித்துப் பிடித்து, அப்படியே ஓடி டச்டவுன் எடுத்துவிட்டார். 35–28. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை.

பதினெட்டு நொடிகள். நான்காவது முயற்சி. வேண்டியதோ பதினெட்டு கெஜம். ஸப்ரான்ஸ்கி நடுக்களத்தில் டிரிசான் ஜேம்ஸுக்கு எறிந்தார். அவர் பிடித்த இடம் எல்லைக்கு முப்பத்தைந்து கெஜம் முன்பு. எதிரணியினர் அவரைச் சூழ்ந்துவிட்டனர். அந்தக் கணத்தில் எதிர்த்திசையில் ஓடிவந்த ஜெராட் ராபிடம் பந்தைப் பக்கவாட்டில் தள்ளினார். மொத்தக் களமும் ஒருபக்கம் சாய்ந்திருக்க, ராப் மறுபக்கமாக ஓடி எல்லையில் பாய்ந்து விழுந்தார். ஏழு நொடிகள் எஞ்சியிருந்தன. 35–35.

கூடுதல் நேரத்தின் முதல் ஆட்டத்திலேயே ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் இருபத்தைந்து கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். பாய்ஸியின் முறை வந்தது. மறுபடியும் நான்காவது முயற்சி. இம்முறை பந்தை எறிந்தது குவார்ட்டர்பேக்கே அல்ல, வின்னி பெரட்டா என்ற வீரர். டெரெக் ஷோமன் பிடித்தார். 42–41. ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன். அந்த ஆண்டுதான் தலைமைப் பயிற்சியாளராகியிருந்த கிறிஸ் பீட்டர்சன் உதைக்கச் சொல்லவில்லை. இரண்டுக்குப் போகச் சொன்னார். ஸப்ரான்ஸ்கி வலக்கையால் எறிவது போல் பாவனை செய்தார். எல்லோரும் வலப்பக்கம் பார்த்தார்கள். இடக்கையில் பந்து அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கமாக யாரும் தொடாமல் உள்ளே நடந்துபோனார். ‘சுதந்திர தேவி சிலை’ என்று அந்த உத்திக்குப் பெயர். பள்ளிச் சிறுவர்கள் கொல்லைப்புறத்தில் ஆடுவது. 43–42. பத்து நிமிடம் கழித்து ஜான்சன், அணியின் சியர்லீடராக இருந்த தன் தோழியிடம், தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன் மண்டியிட்டுத் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டார்.

ஆசிரியர் நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்று சொன்னார்: “இனி யாரும் எங்களை யார் என்று கேட்க மாட்டார்கள்.”

கேட்டார்கள். அந்தப் பருவத்தில் உயர்மட்டத்தில் தோல்வியே காணாத ஒரே அணி பாய்ஸி ஸ்டேட், 13–0. இறுதித் தரவரிசையில் அதற்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். பட்டம் ஒரு தோல்வி கண்ட ஃபுளோரிடாவுக்கு. அடுத்த ஆண்டு ஹவாய் பல்கலைக்கழகம் தோல்வியின்றி வந்து, சுகர் பவுலில் ஜார்ஜியாவிடம் 41–10 என்று நொறுங்கியது. சிறியவர்கள் இதற்குத்தான் லாயக்கு என்றார்கள். அதற்கு ஓராண்டு முன்பு தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்திலேயே ஓஹையோ ஸ்டேட் 41–14 என்று தோற்றிருந்தது. அதன் குலத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை. பெரிய அணி தோற்றால் அது ஒரு நாளின் தோல்வி; சிறிய அணி தோற்றால் அதன் இனத்தின் தோல்வி. இந்த வேறுபாட்டை நான் இந்த நாட்டில் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன். புலம்பெயர்ந்து வந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

2010 ஜனவரியில் இரண்டு சிறிய அணிகள் ஒரே சமயத்தில் தோல்வியின்றித் தகுதி பெற்றன: பாய்ஸியும் டெக்சாஸின் டி.சி.யு.வும். பெரியவர்களோடு ஆளுக்கொரு ஆட்டம் தருவார்கள் என்று காத்திருந்தோம். இருவரையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டார்கள், விருந்தில் குழந்தைகளுக்குத் தனிப்பந்தி போடுவதுபோல. நான்காம் கால்பகுதியில் ஆட்டம் 10–10 என்று இருந்தபோது, பாய்ஸியின் உதைப்பாளர் பந்தை உதைப்பதுபோல் நின்று, உதைக்காமல் எறிந்துவிட்டார். அந்த எறிதலிலிருந்து வந்த டச்டவுனால் 17–10 என்று வென்றோம்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ரீனோ நகரில் நெவாடாவுடன் ஆட்டம். தொடர்ந்து இருபத்து நான்கு வெற்றிகளோடு போனோம். கடைசி நொடிகளில் இருபத்தாறு கெஜத்திலிருந்து ஓர் உதை. அது போயிருந்தால் ரோஸ் பவுலோ அதற்கும் மேலோ கிட்டியிருக்கும். அதே உதைப்பாளர். பந்து வலப்பக்கம் விலகியது. கூடுதல் நேரத்தில் இருபத்தொன்பது கெஜத்திலிருந்து இன்னொன்று, இடப்பக்கம் விலகியது. 34–31. அந்த மாணவனை ஊரில் சிலர் வசைபாடினார்கள். வேறு பலர் வாழ்த்து அட்டைகள் அனுப்பினார்கள். பெரிய அணிக்கு ஒரு தோல்வியை மன்னிக்கும் இடம் எப்போதும் உண்டு. எங்களுக்கு இரண்டு உதைகளுக்குள் ஒரு பருவமே அடங்கியிருந்தது. லாஸ் வேகஸ் பவுலுக்குப் போய் யூட்டாவை 26–3 என்று வென்றோம். நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

அந்த நெவாடா ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் ஜீ ஒரு பேட்டியில், டி.சி.யு.வும் பாய்ஸியும் ஆடும் எதிரணிகளை ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்ற கன்னியர் சபையோடு ஒப்பிட்டுக் கேலி செய்திருந்தார். 2011 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுலில் டி.சி.யு., விஸ்கான்சினை 21–19 என்று வென்றது. சில நாட்களில் ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் விளம்பரப் பலகைகள் எழுந்தன: டி.சி.யு.வுக்கு ஏழைகளின் சிறிய சகோதரிகள் பெயரில் வாழ்த்து! பின்னர் ஜீ அந்தச் சபை நடத்தும் முதியோர் இல்லத்துக்கே போய்த் தொண்டு செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரங்கேற்றக் காட்சியில் அடுத்து என்ன நடக்கிறது? துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டு முடியைச் சூட்டுகிறான். இங்கும் அதுவே நடந்தது. யூட்டாவைப் பேக்-12 எடுத்துக்கொண்டது. டி.சி.யு. 2012இல் பிக் 12க்குப் போயிற்று. 2017இல் தோல்வியே இல்லாமல், பீச் பவுலில் ஆபர்னையும் 34–27 என்று வென்று, தன்னைத்தானே தேசிய வாகையர் என்று அறிவித்து ஊர்வலமும் நடத்திய மத்திய ஃபுளோரிடா. 2021இல் நான்கு அணிகள் மட்டுமே ஆடிய பிளேஆஃபுக்குள் நுழைந்த முதல் சிறிய அணியான சின்சினாட்டி. பழைய பிரிகம் யங். இவை எல்லாம் 2023இல் பிக் 12இல் சேர்ந்தன. முடிசூட்டப்பட்டவன் முடிசூட்டியவன் பக்கம் நின்றே ஆக வேண்டும். 2023 ஜனவரியில் டி.சி.யு. தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 65–7 என்று தோற்றது. பிக் 12ஐ வெளியே தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது இப்போது அங்க தேசத்து அரசன் அல்லவா!

அந்த ஆண்டுகளில் பெரிய கான்ஃபரன்ஸ்கள் எதிலும் பாய்ஸிக்கு இடம் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் உண்டு, ஒரு ரகசியத் திருப்தியும் உண்டு.

2024இலிருந்து பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளுக்கு விரிந்தது. சிறிய கான்ஃபரன்ஸ்களின் வாகையர்களில் ஒருவருக்காவது இடம் நிச்சயம். முதல் ஆண்டே அந்த இடம் பாய்ஸிக்குக் கிடைத்தது. ஆஷ்டன் ஜென்டி என்ற ஓட்ட வீரர் அந்தப் பருவத்தில் 2,601 கெஜம் ஓடினார். 1988இல் பாரி சாண்டர்ஸ் ஓடிய 2,628க்கு இருபத்தேழு கெஜம் குறைவு. 2024 டிசம்பர் 31 அன்று அதே கிளெண்டேல் அரங்கில், அதே ஃபியஸ்டா பவுலில், பென் ஸ்டேட்டிடம் 31–14 என்று தோற்றோம். ஆசிரியர் அதைப் பார்க்க இல்லை. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் வருந்தியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். களத்தில் தோற்பது வேறு. அது கௌரவமான விஷயம்.

ஆனால் கதவு திறந்த அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்துவிட்டது. சிறிய அணிகளின் மூலதனம் பணம் அல்ல, காலம். பெரியவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பதினெட்டு வயதுப் பையனை எடுத்து, நான்கைந்து ஆண்டுகள் பொறுமையாக வளர்ப்பார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ப்ராஸர் என்ற சிற்றூரிலிருந்து வந்த கெலன் மூர் அப்படிப்பட்டவர். உயரம் போதாது, கை வலிமை போதாது என்றார்கள். ஐந்தாண்டுகள் பாய்ஸியில் இருந்தார். குவார்ட்டர்பேக்காக ஆடத் தொடங்கிய ஐம்பத்து மூன்று ஆட்டங்களில் ஐம்பதை வென்றார். தோற்ற மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் மொத்தம் ஐந்தே புள்ளிகள்.

இன்று அவர் இரண்டாம் ஆண்டிலேயே வேறிடம் போயிருப்பார். 2021இலிருந்து மாணவர்கள் தம் பெயரையும் புகழையும் விற்றுப் பணம் பெறலாம். பல்கலைக்கழகம் மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்த உரிமைகள் நியாயமானவை. பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்க, மோதி எலும்பு முறிபவர்களுக்கு ஒன்றும் தராத பழைய முறையை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆயினும் அதன் விளைவு, சிறிய கல்லூரிகள் பெரியவர்களின் நாற்றங்காலாக ஆனதுதான். நாற்று தலையெடுத்ததும் பிடுங்கி வேறு வயலில் நடப்படும். பெரிய தொகை கிடைக்கும் என்று தெரிந்தும் ஜென்டி பாய்ஸியிலேயே தங்கியது இங்கே இவ்வளவு கொண்டாடப்பட்டதற்கு அதுவே காரணம். இயல்பாக இருந்த ஒன்று இப்போது தியாகமாகிவிட்டது. 2025 டிசம்பரில் டூலேன், ஜேம்ஸ் மேடிசன் என்ற இரண்டு சிறிய அணிகள் பிளேஆஃபில் ஆடின. இரண்டின் பயிற்சியாளர்களும் அதற்கு முன்பே பெரிய பல்கலைக்கழகங்களில் வேலையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு அணிகளும் முதல் சுற்றிலேயே தோற்றன. டூலேன் தோற்ற கணக்கு, ஹவாய் தோற்ற அதே 41–10. பழைய கேள்வி மறுநாளே திரும்பி வந்தது. வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளிருப்பவர்களை ஒவ்வொருவராக வெளியே அழைத்துக்கொண்ட பின், வீடு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது போன்றது இது.

அதனால்தான் இப்போதெல்லாம் என் மனம் பெரிய பவுல்களை விட்டு ஊர்ப் பவுலின் பக்கம் சாய்கிறது. பாய்ஸியின் நீலத் தரையிலேயே ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு பவுல் நடக்கிறது. 1997இல் மனிதநேயப் பவுல் என்று தொடங்கி, 2011இல் ‘புகழ்பெற்ற ஐடஹோ உருளைக்கிழங்கு பவுல்’ ஆனது. வென்ற பயிற்சியாளரின் தலையில் உருளைக்கிழங்கு வறுவலைக் கொட்டுவார்கள். ஆறு ஆட்டம் வென்று ஆறு ஆட்டம் தோற்ற அணிகளும் வரும். அர்த்தமற்ற ஆட்டம் என்று பத்தி எழுத்தாளர்கள் ஆண்டுதோறும் எழுதுவார்கள். இந்த ஆட்டத்தை வென்றால் அடுத்து எங்கும் போக முடியாது. அதுவே இதன் குறை, அதுவே இதன் அழகு.

ஓர் ஆண்டு ஆட்டம் முடிந்த பின்னும் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உறைபனிக் குளிர். அரங்கு காலியாகிக்கொண்டிருந்தது. தோற்ற அணியின் இறுதியாண்டு மாணவர்கள் நான்கைந்து பேர் களத்தைவிட்டுப் போகாமல் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இனி வாழ்நாளில் தோள்கவசம் அணியப்போவதில்லை; கணக்காளராகவோ பள்ளிப் பயிற்சியாளராகவோ போய்விடுவார்கள். ஒருவன் பெற்றோரை நீலத் தரையில் நிறுத்திப் படம் எடுத்தான். இன்னொருவன் கையுறையைக் கழற்றிவிட்டு, குனிந்து, வெறும் உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்தான். அரங்கின் பணியாளர் ஒருவர் விளக்குகளை அணைக்க வேண்டியவர் போலும். சற்றுத் தள்ளி, அவர்கள் முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.